கொரியாவில் ஆங்கில டீச்சர் வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலையைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பலரும் கேட்டவற்றை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: என்னுடையது கனடா பாஸ்போர்ட். முதலில் ஒரு ஹாக்வோனில் வேலை பார்த்தேன். ஹாக்வோன் என்றால் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் போகும் தனியார் டியூஷன் நிலையம். இப்போது தெற்கு கியோங்சாங் மாகாணத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன்.

பி.எட். முடித்து ஆங்கில ஆசிரியராக இருக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட். கொரியாவில் வேலை நிச்சயம் என்று ஓர் ஏஜென்ட் பெரிய தொகை கேட்கிறார். நம்பலாமா? (மதுரை வாசகர்)

பணம் கொடுக்காதீர்கள். இ-2 என்னும் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. நீங்கள் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துவீர்கள் என்பதைப் பார்ப்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்துவிடுகிறார்கள். இது நியாயம் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு சின்ன வாசல் உண்டு. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராக வர அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் காகிதத்தில் இருக்கிற அளவுக்கு வேலை விளம்பரங்களில் இல்லை, பெரும்பாலான விளம்பரங்கள் அந்த ஏழு நாடுகளைத்தான் சொல்கின்றன. உங்களைக் கேட்கிற ஏஜென்டிடம் இரண்டே இரண்டு விஷயம் கேளுங்கள்: எந்தப் பள்ளி, எந்த விசா. "முதலில் டூரிஸ்டாகப் போங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். டூரிஸ்டாக வந்து பாடம் எடுத்துப் பிடிபட்டால் அபராதம், நாடுகடத்தல், மீண்டும் நுழையத் தடை, மூன்றும் உங்கள் தலையில்தான் விழும், ஏஜென்ட் தலையில் அல்ல. கொரியரைத் திருமணம் செய்து அந்த விசாவில் இருப்பவர்களுக்கு நாட்டுக் கட்டுப்பாடு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை நிறையப் பேர் கேட்டிருந்தார்கள்.

அரசுப் பள்ளியா, ஹாக்வோனா? (ஸ்கார்பரோ வாசகி)

முதல் தடவை வருகிறீர்கள் என்றால் அரசுப் பள்ளி. எபிக் என்ற அரசுத் திட்டம் 1995இல் தொடங்கியது, அதன் வழியாக வந்தால் சம்பளம் தேதி தவறாது, விடுமுறை எத்தனை நாள் என்பது எழுத்தில் இருக்கும், பள்ளி திடீரென்று மூடாது. வாரத்துக்கு 22 பாடவேளை, மற்ற நேரம் தயாரிப்பு. சிக்கல் என்னவென்றால் எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது உங்கள் கையில் இல்லை. தலைநகர் சோலில்தான் இருப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இது சரிவராது. கிராமத்துப் பக்கம் போட்டால் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு மாறி மாறிப் போக வேண்டியிருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகள் அவ்வளவு குறைவு. 2023இல் கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப் பிறப்பு 0.72. அந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றும் தோன்றாது, ஐந்து பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருக்கிற ஒரு வகுப்பறையில் நிற்கும்போதுதான் புரியும்.

ஹாக்வோனில் ஊரை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், வருடத்தில் எந்த மாதமும் சேரலாம், சம்பளம் சில இடங்களில் கொஞ்சம் கூடுதல். வேலை மதியம் தொடங்கி இரவு வரை போகும் (சோலில் இரவு 10 மணிக்கு மேல் ஹாக்வோன் நடத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது, அந்த விதி தேவைப்பட்டது என்பதிலிருந்து பிள்ளைகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்). நல்ல ஹாக்வோன்கள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு வியாபாரம். பிள்ளைகள் குறைந்தால் முதலாளிக்கு முதலில் கண்ணில் படுவது உங்கள் சம்பளம்தான்.

இரண்டில் எதுவானாலும் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் விசா அந்த ஒரு முதலாளியின் பெயரில், வீடு பெரும்பாலும் அதே முதலாளி எடுத்துக் கொடுத்தது, இன்ஷூரன்ஸ் அவர் வழியாக, வந்த புதிதில் போன் வாங்கவும் வங்கிக் கணக்கு திறக்கவும்கூட அங்கே வேலை செய்கிற ஒருவர்தான் கூட வருவார். மனிதர் நல்லவராக இருந்தால் இது பெரிய வசதி. இல்லாவிட்டால் வேலையோடு சேர்த்து எல்லாமே ஆட்டம் காணும். அதனால்தான் கையெழுத்துப் போடும் முன் அங்கே இப்போது வேலை பார்க்கும் வெளிநாட்டு ஆசிரியரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள் என்கிறேன். பேச விடமாட்டார்கள் என்றால் அந்த இடம் வேண்டாம்.

ஒரு நாள் முழுக்க அங்கே என்னதான் செய்கிறீர்கள்? (பல வாசகர்கள்)

எட்டரைக்குப் பள்ளி. வாசலிலேயே செருப்பு மாற்ற வேண்டும், உள்ளே போடுவதற்குத் தனிச் செருப்பு. தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம், நடுநிலைப் பள்ளியில் 45, உயர்நிலையில் 50. ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. மூன்று, நான்காம் வகுப்புக்கு வாரம் இரண்டு வேளை, ஐந்து, ஆறாம் வகுப்புக்கு மூன்று. இதில் முக்கியமான விஷயம், நான் தனியாகப் பாடம் எடுப்பதில்லை, கொரிய ஆசிரியர் ஒருவர் கூடவே இருப்பார். கோ-டீச்சர் என்று சொல்வோம். உங்கள் வருடம் நன்றாகப் போகுமா போகாதா என்பதை முடிவு செய்வது சம்பளமோ ஊரோ அல்ல, இந்த ஒருவர்தான்.

சிலர் பாடத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். சிலர் பின் பெஞ்சில் உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பார்கள், சிலர் உங்களைப் பேசும் டேப் ரெக்கார்டர் மாதிரி "இதை வாசியுங்கள்" என்று மட்டும் நிறுத்திவிடுவார்கள். அவர்கள் மேல் கோபப்படுவதற்கு முன் அவர்கள் நிலையையும் பாருங்கள். உங்கள் வீட்டுக் கொதிகலன் ரிப்பேர், உங்கள் டாக்டர், உங்கள் விசாக் காகிதம் எல்லாம் அவர் தலையில்தான், அதற்கென்று அவருக்குப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. முதல் வாரத்திலேயே உட்கார்ந்து யார் எந்தப் பகுதியை எடுப்பது, சத்தம் போடுகிற பிள்ளையை யார் அடக்குவது என்று பேசிவிடுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சில வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார்கள், எனவே மார்ச் மாதம் புதுக் கல்வியாண்டு தொடங்கும்போது உங்கள் நல்ல கோ-டீச்சர் போய்விடலாம். எனக்கு அப்படி ஒருவர் போனபோது உண்மையிலேயே அழுதேன்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தெரிந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு என் மேஜையைச் சுற்றி நின்று மூச்சுவிடாமல் பேசுவார்கள். அதே பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வரும்போது வாயைத் திறக்கத் தயங்குவார்கள். ஆங்கிலம் தெரியாததால் அல்ல, பக்கத்தில் இருப்பவன் ஹாக்வோனில் நான்கு வருடம் படித்தவன், அவன் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். ஒரே வகுப்பில் ஒருவன் நாவல் படிப்பான், இன்னொருத்திக்கு எழுத்துக்கூட்டவே வராது, இருவருக்கும் ஒரே பாடப்புத்தகம். என் வேலை அந்த இரண்டாவது பிள்ளைக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். குழுவாகச் சேர்ந்து சொல்ல வைப்பது, ஜோடியாகப் பேச வைப்பது, எல்லார் முன்னாலும் தனியாக எழுப்பி நிறுத்தாமல் இருப்பது, இவ்வளவுதான் நான் செய்வது, அதற்கே வித்தியாசம் தெரிகிறது.

நான்கரைக்கு வீடு. ஜனவரியில் பிள்ளைகளுக்கு விடுமுறை, உங்களுக்கு அல்ல. ஆங்கில முகாம் நடத்த வேண்டும், அது முடிந்ததும் ஆளில்லாத பள்ளியில் தினமும் மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை வீண் என்று திட்டுபவர்கள் உண்டு. நான் அந்த வாரங்களில்தான் கொரிய மொழி படித்தேன்.

இன்னொன்று, பரிசுப் பொருள். 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டம் பள்ளி ஆசிரியர்களுக்கும் பொருந்தும். பெற்றோர் தரும் காபிக் கூப்பனைக்கூட வாங்கக் கூடாது. மே 15 ஆசிரியர் தினத்தன்று பிள்ளைகள் தங்கள் கையால் எழுதிய கடிதத்தைத் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

நிறம் ஒரு பிரச்சினையா? நேராகச் சொல்லுங்கள். (லண்டன் வாசகர்)

ஆமாம், வேலை தேடும் கட்டத்தில். விண்ணப்பத்தோடு போட்டோ கேட்பது அங்கே சாதாரணம். சில ஹாக்வோன்களில் பெற்றோரின் மனதில் ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளைக்காரர்தான், முதலாளியும் அதற்கு ஏற்றபடிதான் ஆள் எடுப்பார். என்னுடைய தகுதியில் பாதிகூட இல்லாதவர்களுக்கு உடனே பதில் வந்த இடங்களிலிருந்து எனக்குப் பதிலே வரவில்லை. அது வலிக்கும், வலிக்காது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அரசுத் திட்டத்தில் நிலைமை மேல், ஆவணமும் நேர்காணலும் சரியாக இருந்தால் வேலை கிடைக்கிறது. அதுவும் நான் முதலில் பள்ளியைச் சொன்னதற்கு ஒரு காரணம்.

வகுப்பறையில் கதை வேறு. "கனடா என்கிறீர்கள், ஆனால் இந்தியர் மாதிரி இருக்கிறீர்களே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். முடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்பார்கள். அதில் வெறுப்பு கிடையாது, அவர்கள் பார்த்த படங்களில் கனடாக்காரர் அப்படி இருந்ததில்லை, அவ்வளவுதான். உலக வரைபடத்தை விரித்து என் தாத்தா எங்கே பிறந்தார், அம்மா எங்கே பிறந்தார், நான் எங்கே என்று காட்டுவேன். ஒரு பாடவேளை அதற்குப் போனால் போகட்டும். அந்த வகுப்பில் அம்மா வியட்நாமிலிருந்து வந்த பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்கள் அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

என் மகள் 23 வயது, தனியாகப் போகிறேன் என்கிறாள். பயமாக இருக்கிறது. (ஒரு தாய், டொராண்டோ)

அம்மா, நானும் தனியாகத்தான் இருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு நடந்து வீட்டுக்கு வருகிறேன், தெருவில் விளக்கும் கேமராவும் உண்டு, மூலைக்கு மூலை இரவு முழுக்கத் திறந்திருக்கிற கடை உண்டு. கதவுகளுக்கு எண் பூட்டு, மகள் குடிபோன அன்றே பழைய எண்ணை மாற்றச் சொல்லுங்கள். பொதுக் கழிப்பறைகளிலும் தங்கும் அறைகளிலும் ரகசியக் கேமரா வைப்பது அந்த நாட்டில் உண்மையான பிரச்சினை, அதை மறைக்க மாட்டேன். போலீஸுக்கு 112, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119, வெளிநாட்டவர் விசா சந்தேகத்துக்கு 1345, அதில் ஆங்கிலத்திலேயே பேசலாம். இந்த எண்களை மகளின் போனில் நீங்களே பதிந்து அனுப்புங்கள். அப்புறம் தினமும் பேசச் சொல்லுங்கள், முதல் மூன்று மாதம் ஆபத்தைவிடத் தனிமைதான் அதிகம் வாட்டும்.

நான் சைவம். சமாளிக்க முடியுமா? (பல வாசகர்கள்)

வீட்டில் சமைத்தால் முடியும், வெளியே கஷ்டம். காய்கறி மட்டும்தான் என்று நம்பி வாங்கும் சூப்பில் நெத்திலிக் கருவாடு போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள், கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பு இறாலோ இருக்கும். பள்ளியில் மதிய உணவு எல்லாருக்கும் ஒன்றுதான். அங்கே ஒரு நல்ல வழக்கம், மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்குப் பக்கத்திலும் ஒவ்வாமைக்கான எண்கள் அச்சிட்டிருக்கும். முட்டை 1, இறால் 9, பன்றி 10, கோழி 15, மாடு 16. கொரிய மொழி தெரியாவிட்டாலும் எண்ணைப் பார்த்தே ஒதுக்கலாம். ஆனால் நெத்திலிக்கு எண் கிடையாது, அதைச் சமையலறையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீண்ட அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் ஆன்லைனில் வாங்கினால் வீட்டுக்கே வரும். நேரில் பார்த்து வாங்க ஆன்சான் நகரத்தின் வொன்கோக்-தோங் பக்கம் போகலாம், தெற்காசியக் கடைகள் நிறைய உண்டு. பள்ளியில் டப்பா சாப்பாடு கொண்டுபோனால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், முதல் நாளே காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும்.

மாதம் எவ்வளவு மிஞ்சும்? (மெல்பர்ன் வாசகர்)

புதிதாக வருபவருக்குப் பெரும்பாலும் 21 லட்சத்திலிருந்து 26 லட்சம் வோன் வரை. வீடு அவர்கள் கொடுப்பதால் வாடகை இல்லை. அடக்கமாக இருந்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்க்கலாம், வாரா வாரம் சோலுக்கு ரயில் ஏறினால் முடியாது.

ஆனால் பழைய கதைகளை நம்பி வராதீர்கள். 2010இல் கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4,110 வோன். 2025இல் 10,030 வோன், முழுநேர வேலைக்கு மாதம் கிட்டத்தட்ட 21 லட்சம் வருகிறது. ஆங்கில ஆசிரியர் சம்பளமோ அந்தப் பதினைந்து வருடத்தில் பெரிதாக ஏறவே இல்லை. அதாவது ஒரு காலத்தில் நல்ல சம்பளமாக இருந்தது இன்றைக்குக் குறைந்தபட்சக் கூலியை ஒட்டி நிற்கிறது. கடன் அடைக்கத்தான் இந்த வேலைக்கு வருகிறேன் என்பவர்கள் இதை நன்றாகக் கணக்குப் போட வேண்டும்.

ஓய்வூதியத்துக்குப் பிடிக்கும் பணம் 2026இல் சம்பளத்தில் 9.5 விழுக்காடு, அதில் பாதியை முதலாளி கட்ட வேண்டும். ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் நாட்டை விட்டுப் போகும்போது இரண்டு பங்கையும் மொத்தமாகத் திரும்ப வாங்கலாம். உங்களுக்கு அது உண்டு, மறக்காதீர்கள்.

ஹாக்வோனில் பத்தாவது மாதம். "பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அடுத்த மாதம் கிளம்பு" என்கிறார் முதலாளி. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார். (கொரியாவிலிருந்து, பெயர் வேண்டாம்)

கையெழுத்துப் போடாதீர்கள் தம்பி. இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே தனியாகவும் எழுதிவிட்டேன், மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வருடம் முடித்தால் சட்டப்படி ஒரு மாதச் சராசரிச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும், வேலை விட்ட 14 நாளுக்குள். அதைத் தராமல் தப்பிக்கத்தான் பத்தாவது, பதினோராவது மாதத்தில் ஆளை அனுப்புகிறார்கள். நீங்களாகவே விலகியதாகக் கடிதம் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு பணிநீக்கம் என்று வாதாடுவது ரொம்பக் கஷ்டம். பணிநீக்கம் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் 30 நாள் சம்பளம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்தால் காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும், நியாயமில்லாத பணிநீக்கம் என்று தொழிலுறவு ஆணையத்தில் மூன்று மாதத்துக்குள் முறையிடலாம். ஐந்துக்குக் குறைவான இடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, எனவே உங்கள் ஹாக்வோனில் டிரைவர், வரவேற்பில் இருப்பவர் எல்லாம் சேர்த்து எத்தனை பேர் என்று இன்றைக்கே எண்ணுங்கள்.

அடுத்து, சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஓய்வூதியமோ மருத்துவக் காப்பீடோ பிடிக்காமல் வெறும் 3.3 விழுக்காடு வரி மட்டும் பிடித்திருந்தால் உங்களை ஊழியர் என்று பதியாமல் சுயதொழில் செய்பவர் என்று பதிந்திருக்கிறார்கள். இது பரவலாக நடக்கிற மோசடி. நேரம், இடம், பாடம் எல்லாவற்றையும் முதலாளி முடிவு செய்திருந்தால் நீங்கள் ஊழியர்தான், பதிவில் என்ன இருந்தாலும் தொழிலாளர் அலுவலகம் உண்மையான வேலையைத்தான் பார்க்கும். காகாவோடாக் (அங்கே எல்லாரும் பயன்படுத்தும் மெசேஜ் ஆப்) செய்திகள், கால அட்டவணை, வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த வரிகள், கான்ட்ராக்ட், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து முதலாளி கொடுக்காத ஒரு மெயிலில் போட்டு வையுங்கள். தொழிலாளர் அமைச்சின் எண் 1350. புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை, செலவும் இல்லை.

விசாவுக்கு: வேலை முடிந்ததை முதலாளி 15 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் சொல்ல வேண்டும். எனவே அவர் சொல்வதற்காகக் காத்திருக்காமல் 1345ஐ அழைத்து, டி-10 என்ற வேலை தேடும் விசாவுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். வேறு இடம் கிடைத்தால் உங்களை விடுவிக்கிறேன் என்று பழைய முதலாளி தரும் விடுவிப்புக் கடிதத்தைப் பெரும்பாலும் கேட்பார்கள், அதை வைத்துத்தான் உங்களைப் பணிய வைக்கப் பார்ப்பார். என் பழைய ஹாக்வோனில் ஒரு தோழிக்கு அதையே செய்தார்கள். அவள் புகார் எண்ணைக் காட்டிய மறுநாள் கடிதமும் வந்தது, பேசிய பணமும் வந்தது. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று உறுதி தர முடியாது, ஆனால் பேசாமல் விமானம் ஏறினால் நிச்சயம் ஒன்றும் கிடைக்காது.

மாலையில் தனியாக டியூஷன் எடுக்கலாமா?

கூடாது. இ-2 விசாவில் காசுக்குத் தனி டியூஷன் எடுப்பது சட்டவிரோதம். பக்கத்து வீட்டு அக்கா அன்பாகக் கேட்டாலும் கூடாது.

குப்பை கொட்டுவதே பெரிய படிப்பு என்கிறார்களே? (கொழும்பு வாசகி)

கொஞ்சம் பழக வேண்டும். 1995 முதல் அளவுக்கு ஏற்ற கட்டணம். அந்தந்த ஊராட்சியின் பையைக் கடையில் காசு கொடுத்து வாங்கி அதில்தான் குப்பை போட வேண்டும், வேறு ஊரின் பை பொதுவாகச் செல்லாது. பிளாஸ்டிக், காகிதம், கண்ணாடி தனித்தனி. உணவுக் கழிவு இன்னொன்று, அதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள்: விலங்கு தின்னக்கூடியது மட்டும்தான் உணவுக் கழிவு. எலும்பு, முட்டை ஓடு, வெங்காயத் தோல், தேயிலைப் பை எல்லாம் சாதாரணக் குப்பை. நாம் வெங்காயம் உரிக்கிற அளவுக்கு அந்தப் பை சீக்கிரம் நிறைந்துவிடும். மாடியில் இருக்கிற பாட்டியிடம் ஒருநாள் காட்டச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார், அப்படியே பழக்கமும் ஆகும்.

எப்போதிலிருந்து தயாராக வேண்டும்? (பர்மிங்காம் வாசகர்)

மார்ச்சில் சேர வேண்டுமானால் முந்தின ஆகஸ்டிலேயே. அதிக நாள் பிடிப்பது போலீஸ் சான்றிதழும் பட்டத்துக்கு அப்போஸ்டில் முத்திரையும்தான் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் சான்று முத்திரை), அதுவும் போலீஸ் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதால் ரொம்ப முன்னாலும் எடுக்க முடியாது. இறங்கிய பிறகு மருத்துவப் பரிசோதனை உண்டு, போதைப்பொருள் சோதனையும் அதில் சேரும். 90 நாளுக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்குப் பதிய வேண்டும், அட்டை வரும்வரை போன், வங்கி எல்லாமே அரைகுறைதான், எனவே ஒரு மாதச் செலவுக்காவது கையில் பணம் வைத்திருங்கள். கொரிய எழுத்துகளை வருவதற்கு முன்பே படித்துவிடுங்கள், ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். வழி பார்க்க நேவர் மேப் இறக்கிக்கொள்ளுங்கள். கான்ட்ராக்ட் கைக்கு வந்ததும் ஆங்கிலப் பிரதியை மட்டும் படித்துவிட்டு விடாமல், கொரியப் பிரதியில் உள்ள எண்களையும், அதாவது சம்பளம், மணி நேரம், விடுமுறை நாள், ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.